அப்பாவும் 34 பிபிஎம்மும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம். முழுக்க வயித்துச் சமாச்சாரம். தட்டை முன்னாடி வெச்சுக்கிட்டுப் படிக்கறவங்க, முதல்ல சாப்பிட்டு முடிச்சுட்டு வந்துடுங்க :-)

வடோதராவுக்கு (பழைய ஆளுங்களுக்கு பரோடா) நாங்க வந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. எனக்குச் சோறு போடறது கேஸ் அனலைசர். பாய்லர் புகைபோக்கில ஆக்சிஜன் எவ்வளவு, கார்பன் மோனாக்சைடு எத்தனை பிபிஎம்னு அளக்கற கருவிகளை மாட்டறதும், அது சரியாச் சொல்லுதான்னு பார்க்கறதும்தான் வேலை. பிபிஎம்னா பத்து லட்சத்துல ஒரு பங்கு. வீட்டுல ரசத்துல உப்பு கம்மின்னு சொன்னாக்கூட "எத்தனை பிபிஎம்?"னு தங்கமணி கேக்கற அளவுக்கு இந்த வார்த்தை எங்க வீட்டுல பிரபலம். இதை ஏன் முதல்லயே சொல்றேன்னா, கீழே வர்ற கதையில தப்பு பண்ணினவங்கள்ல நானும் ஒருத்தன். அதுவும் என் தொழில்லயே.

2023 டிசம்பர்ல அம்மா போனதுக்கு அப்புறம் அப்பாவை மன்னார்குடியில தனியா விட மனசில்லாம எங்களோட கூட்டிட்டு வந்தோம். 74 வயசு, ரிட்டயர்டு வாத்தியார். வந்து ரெண்டு மாசத்துல ஆரம்பிச்சுது. சாப்பிட்டு ரெண்டு மணி நேரத்துல வயிறு உப்பிக்கும், கடமுடன்னு சத்தம், சில நாள் மூணு நாலு தடவை போகணும். "ஊர்த் தண்ணி ஒத்துக்கலைடா"ன்னார். வெளியூருக்கு வந்த நம்ம ஆளுங்க எல்லாரும் சொல்ற அதே வாக்கியம்தான். ஃபில்டர் போட்ட தண்ணியைத்தான் குடிக்கறார், ஆனாலும் தண்ணி மேலதான் பழி.

உண்மையில மாறினது தண்ணி இல்லை, சாப்பாடு. ஊர்ல மூணு வேளையும் அரிசி. இங்க சாயங்காலம் சமைக்க வர்ற அம்மாவுக்குச் சப்பாத்திதான் வரும். வாரத்துல ரெண்டு நாள் ராஜ்மா, சோலே. வயசான உடம்புக்குக் கால்சியம் வேணும்னு ராத்திரி ஒரு பெரிய டம்ளர் பால் வேற, நான்தான் கட்டாயப்படுத்திக் குடிக்க வெப்பேன். ஊர்ல அவர் பாலாக் குடிச்சதே இல்லை. ரெண்டு வேளை காப்பி, மதியம் மோர், அவ்வளவுதான்.

தெரிஞ்சவங்க சொல்லி ஒரு கிளினிக்குக்குப் போனோம். மூச்சுச் சோதனை எடுக்கணும்னாங்க. ஒரு இனிப்புத் தண்ணியைக் குடிக்கச் சொல்லி, கால் மணிக்கு ஒரு தடவை பையில ஊதச் சொல்லி, மூணு மணி நேரம். "பாசிட்டிவ். சிறுகுடல்ல பாக்டீரியா பெருகிடுச்சு. மைக்ரோபயோம் கெட்டுப் போச்சு"ன்னு ஒரே வரியில தீர்ப்பு. 14 நாள் ஆன்டிபயாட்டிக். கூடவே, சாப்பிடக் கூடாதவைன்னு ஒரு அச்சடிச்ச தாள். பால், தயிர், கோதுமை, பருப்பு, வெங்காயம், பூண்டு, முட்டைக்கோஸ், ஆப்பிள், மாம்பழம்...

அப்பா வாத்தியார். எழுதிக் கொடுத்தா எழுத்து பிசகாம செய்வார். சாம்பார் போச்சு, தயிர் சாதம் போச்சு, காப்பி கறுப்பாச்சு. அரிசிக் கஞ்சியும் கேரட்டும்தான் மிச்சம். ஒரு மாசம் கொஞ்சம் சுமாரா இருந்தது, திரும்பவும் வந்தது. ரெண்டாவது தடவை அதே மாத்திரை. அஞ்சு மாசத்துல 7 கிலோ இறங்கிட்டார். சட்டை கழுத்துல தொங்குது. என் பொண்ணு "தாத்தா, நீங்க ஏன் எதுவுமே சாப்பிட மாட்டேங்கறீங்க?"ன்னு கேட்டா. "தாள்ல எழுதியிருக்கும்மா"ன்னார்.

எடை இறங்கினதைப் பார்த்து பயந்து வேற ஒரு டாக்டர்கிட்ட போனோம். அவர் முதல்ல எண்டோஸ்கோபி, கொலனோஸ்கோபி, ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்தார். பயப்பட ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சுது. அப்புறம் கேட்டார், "அந்த மூச்சுச் சோதனையோட எண்கள் இருக்கா? முடிவு வேணாம், எண்கள்."

இருந்தது. ஃபைல்ல, ரெண்டாவது பக்கத்துல, அஞ்சு மாசமா. எடுத்துப் பார்த்தேன். முதல் வரி: 0 நிமிஷம், 34 பிபிஎம்.

எங்க தொழில்ல எந்தக் கருவியா இருந்தாலும் முதல்ல பார்க்கறது ஸீரோ. ஒண்ணும் இல்லாதப்ப அது என்ன காட்டுதுன்னு பார்க்காம அளக்க ஆரம்பிச்சா, புதுசா வந்த ட்ரெய்னிக்குக் கூட திட்டு விழும். அப்பா அந்த இனிப்புத் தண்ணியை வாயில வைக்கறதுக்கு முன்னாடியே மூச்சுல 34. ராத்திரி முழுக்கப் பட்டினி இருந்த ஒருத்தருக்கு அது ஒற்றை இலக்கத்துல, இல்லை அதை ஒட்டி இருக்கணும். தொடக்கமே 20ஐத் தாண்டினா அன்னிக்குச் சோதனையே வேணாம், இன்னொரு நாள் வாங்கன்னு திருப்பி அனுப்பறதுதான் நல்ல வழக்கம். முந்தின நாள் ராத்திரி என்ன சாப்பிட்டீங்கன்னு டாக்டர் கேட்டார். தங்கமணிக்கு ஞாபகம் இருந்தது. ராஜ்மா.

"ராத்திரி பத்து மணிக்கு மேல சாப்பிடாதீங்க"ன்னு மட்டும்தான் அந்த கிளினிக்ல சொன்னாங்க. என்ன சாப்பிடணும்னு யாரும் சொல்லலை.

இந்தச் சோதனை எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் சொல்லிடறேன். இட்லி மாவு ராத்திரியில பொங்குதே, அது உள்ள இருக்கற பாக்டீரியா மாவைத் தின்னு விடற வாயுவால. நம்ம குடல்லயும் அதே கதைதான். நம்மால செரிக்க முடியாம மிஞ்சினது பெருங்குடலுக்குப் போகும், அங்க இருக்கற பாக்டீரியா அதைத் தின்னு ஹைட்ரஜன் விடும். அதுல ஒரு பகுதி ரத்தத்துல கலந்து நுரையீரல் வழியா மூச்சுல வெளிய வரும். இதுல அழகு என்னன்னா, மனுஷ செல்லுக்கு ஹைட்ரஜன் தயாரிக்கத் தெரியாது. கிருமியே இல்லாம ஆய்வகத்துல வளர்த்த எலிகளுக்கு ஹைட்ரஜன் வர்றதில்லை. அதனால மூச்சுல ஹைட்ரஜன் இருந்தா அது உள்ள குடியிருக்கறவங்க போட்டது, சந்தேகமே இல்லை.

இதை முதல்ல தீவிரமா அளந்தது விண்வெளிக்காக. 1960கள்ல அமெரிக்காவின் பெர்க்லியில டோரிஸ் காலோவேயும் எட்வின் மர்ஃபியும் விண்வெளி உணவைச் சாப்பிட்டவங்களோட மூச்சை அளந்தாங்க. ஹைட்ரஜனும் மீத்தேனும் தீப்பிடிக்கற வாயுக்கள் ஆச்சே, மூடின கலத்துக்குள்ள சேர்ந்தா என்ன ஆகும்னு கவலை. 1969ல மினசோட்டாவில் மைக்கேல் லெவிட் மனுஷ உடம்புல ஹைட்ரஜன் எவ்வளவு உண்டாகி எப்படி வெளியேறுதுன்னு விரிவா எழுதினார். அங்கிருந்துதான் இது மருத்துவத்துக்குள்ள வந்தது.

மீத்தேன் தனி ரகம். மெத்தனோபிரெவிபாக்டர் ஸ்மித்தியைன்னு ஒரு நுண்ணுயிரி (பாக்டீரியா இல்லை, ஆர்க்கியா) மத்தவங்க விட்ட ஹைட்ரஜனைத் தின்னு மீத்தேனா மாத்திடும். நாலு ஹைட்ரஜன் மூலக்கூறும் ஒரு கார்பன் டை ஆக்சைடும் உள்ள போனா ஒரே ஒரு மீத்தேன். அதனால ஹைட்ரஜனை மட்டும் அளந்தா சிலருக்கு ஒண்ணுமே இல்லாத மாதிரி தெரியும், மீத்தேனையும் சேர்த்து அளக்கணும். மீத்தேன் கூடுதலா இருக்கறவங்களுக்கு மலச்சிக்கல் அதிகம் காணப்படுது. இதை அப்பாகிட்ட சொன்னப்ப, "ஊர்ல மீத்தேன் எடுக்கக் கூடாதுன்னு தெருவுல உக்காந்து போராடினோம். இங்க என் வயித்துலயே எடுக்கறியாடா?"ன்னார். அஞ்சு மாசத்துல அன்னிக்குத்தான் சிரிச்சார்.

இப்ப என் கருத்துக்கு வர்றேன். மூச்சுல ஹைட்ரஜன் வந்தா அது வியாதின்னு அர்த்தமே இல்லை. பாக்டீரியாவுக்குச் சாப்பாடு போய்ச் சேர்ந்துதுங்கறதுக்கான ரசீது அது, அவ்வளவுதான். கீரை, பருப்பு, பயறு, வாழைத்தண்டுன்னு ஒழுங்காச் சாப்பிடறவங்களுக்கு ஹைட்ரஜன் வரத்தான் செய்யும், வரணும். நேத்து என்ன சாப்பிட்டார்ங்கற விவரம் இல்லாம அந்த எண்ணை மட்டும் படிக்கறது, என்ன எரிபொருள் போட்டாங்கன்னு கேக்காமலே பாய்லர் புகையைப் பார்த்துக் குறை சொல்ற மாதிரி. இன்னொண்ணும் சொல்லணும். எண்ணைக் குறைக்கறதுதான் சிகிச்சைன்னு கிளம்பினா அதுக்கு ரொம்ப சுலபமான வழி இருக்கு. சாப்பிடாம இருந்தா போதும். எங்க அப்பா அதைத்தான் செஞ்சுக்கிட்டிருந்தார், நாங்களும் அதுக்குப் பேர் பத்தியம்னு சொல்லிக்கிட்டிருந்தோம்.

சிறுகுடல்ல பாக்டீரியா பெருகியிருக்கான்னு பார்க்க லாக்டுலோஸ்னு ஒரு சர்க்கரை குடுப்பாங்க. அதை யாராலும் செரிக்க முடியாது. 90 நிமிஷத்துக்குள்ள ஹைட்ரஜன் 20 பிபிஎம் கூடினா, பெருங்குடலுக்குப் போறதுக்கு முன்னாடியே பாக்டீரியா பிடிச்சுடுச்சுன்னு கணக்கு. 2017ல வட அமெரிக்க நிபுணர்கள் கூடி வெளியிட்ட நெறிமுறையிலயும் இந்த அளவுதான் இருக்கு. ஆனா இந்தக் கணக்கு முழுக்க நேரத்தை நம்பி நிக்குது. நவஜீவன் எக்ஸ்பிரஸ் ஒரு மணி நேரம் முன்னாடி வந்துட்டா, சென்னை ஸ்டேஷன் வடக்கே நகர்ந்துடுச்சுன்னா சொல்லுவோம்? 2011ல கனடாவின் கிங்ஸ்டன்ல ஒரு குழு, லாக்டுலோஸோட கூடவே கதிரியக்க அடையாளம் கலந்து குடுத்து, அது எங்க போகுதுன்னு படமும் எடுத்துப் பார்த்தாங்க. எரிச்சல் குடல் நோயாளிகள்கிட்ட ஹைட்ரஜன் ஏறின நேரத்துல அந்தத் திரவம் பெரும்பாலும் பெருங்குடலுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. லாக்டுலோஸ் சோதனை காட்டறது பாக்டீரியா பெருக்கத்தை இல்லை, பயண நேரத்தைன்னு எழுதினாங்க. இந்தியர்களுக்குக் குடல் பயணம் வேகம், அதனால இந்த முறை தப்பா பாசிட்டிவ் காட்டலாம்னு, லக்னோவில் இருந்து இந்தச் சோதனைகளை நெடுங்காலம் ஆராய்ஞ்ச உதய் கோஷாலும் அதே 2011ல எச்சரிச்சிருக்கார். குளுக்கோஸ் குடுத்துச் செய்யற சோதனையில இந்தக் குழப்பம் குறைவு, ஆனா குளுக்கோஸ் சிறுகுடலோட மேல்பகுதியிலயே உறிஞ்சப்பட்டுடும்ங்கறதால கீழே இருக்கறதைத் தவறவிடும். இப்படி ஒவ்வொண்ணுக்கும் ஒரு எல்லை இருக்கு.

அதுக்காக மூச்சுச் சோதனையே ஏமாத்துன்னு நான் சொல்லலை. கேள்வி சின்னதா இருந்தா பதில் பளிச்சுன்னு இருக்கும். ஹெலிகோபாக்டர் பைலோரிக்கு யூரியா மூச்சுச் சோதனை இருக்கே, அதை எடுத்துக்குங்க. (அந்தக் கிருமியைக் கண்டுபிடிச்ச மார்ஷலுக்கும் வாரனுக்கும் 2005ல நோபல் கிடைச்சுது.) ஒரு கிருமி, அதுகிட்ட யூரியாவை உடைக்கற ஒரு நொதி. அடையாளம் போட்ட கார்பன் மூச்சுல வந்தா கிருமி இருக்கு. லாக்டோஸ் சோதனையும் அப்படித்தான். பால் சர்க்கரை செரிக்குதா இல்லையாங்கறது ஒரே கேள்வி. ஆனா "மைக்ரோபயோம் எப்படி இருக்கு?"ன்னு மூச்சைக் கேட்டா அதுக்கு பதில் தெரியாது. எந்த பாக்டீரியா எத்தனை இருக்குன்னு ஹைட்ரஜன்ல எழுதி ஒட்டியிருக்காது.

ரெண்டாவது டாக்டர் சோதனையைத் திரும்ப எடுக்கச் சொன்னார், இந்தத் தடவை முறையா. ஆன்டிபயாட்டிக் முடிஞ்சு நாலு வாரம் இடைவெளி. முந்தின நாள் வெறும் வெள்ளைச் சாதம், முட்டை. பருப்பு, காய், கோதுமை எதுவும் கிடையாது. 12 மணி நேரப் பட்டினி, காலையில வாயை நல்லாக் கொப்பளிக்கணும், நடைப்பயிற்சி வேணாம்.

சாதம் ஏன்னு கேட்டேன். அப்பதான் தெரிஞ்சுது, அரிசி மாவுச்சத்து அநேகமா முழுசா சிறுகுடல்லயே செரிச்சுடும், மிச்சம் இருக்காது. 1981ல லெவிட் குழு இதையும் மூச்சு மூலமாவே காட்டியிருக்காங்க. மைதா ரொட்டி சாப்பிட்டா அதோட மாவுச்சத்துல 10லிருந்து 20 சதவீதம் வரைக்கும் செரிக்காம பெருங்குடலுக்குப் போகுது, அரிசி மாவு ரொட்டிக்கு அப்படி இல்லை. "சப்பாத்தி சாப்பிட்டா கேஸ்"னு நம்ம ஊர்ப் பெரியவங்க சொன்னப்ப நானே எத்தனை தடவை சிரிச்சிருக்கேன்! பாவம், அவங்க சரியாத்தான் சொல்லியிருக்காங்க. (அதுக்காகச் சப்பாத்தி கெடுதின்னு அர்த்தம் இல்லை. சர்க்கரைக்காரங்க யாரும் இதைச் சாக்கு வெச்சு மூணு வேளை சாதத்துக்குத் திரும்பிடாதீங்க.)

முதல்ல குளுக்கோஸ். தொடக்கம் 4, கடைசி வரைக்கும் கோடு படுத்தே கிடந்தது. அடுத்த வாரம் 25 கிராம் லாக்டோஸ், அதாவது ஏறக்குறைய அரை லிட்டர் பால்ல இருக்கற அளவு. ஒண்ணரை மணி நேரம் வரைக்கும் சாது. ரெண்டாவது மணியில 60ஐத் தாண்டிச்சு. அதே நேரத்துல வயிறு உப்பிக்கிட்டு வலிக்குதுன்னார். அங்க இருந்த பொண்ணு எண்ணுக்குப் பக்கத்துல அதையும் குறிச்சுக்கிட்டா. எண்ணும் உபத்திரவமும் சேர்ந்து வரணும், எண் மட்டும் ஏறினா அதை வெச்சு வைத்தியம் பண்ணக் கூடாதுன்னு சொன்னார் டாக்டர். எனக்கு அந்த டாக்டரைப் பிடிச்சுப் போச்சு.

அப்பாவுக்குப் பால் சர்க்கரை செரிக்கலை. இது வியாதியா? 1981லயே டாண்டன் குழு டெல்லியிலயும் தெற்கே திருவனந்தபுரம், பாண்டிச்சேரியிலயும் ஆரோக்கியமா இருக்கறவங்களைச் சோதிச்சுப் பார்த்தாங்க. லாக்டோஸ் ஒத்துக்காதவங்க வடக்கே 27.4 சதவீதம், தெற்கே 66.6. 2010ல மூச்சுச் சோதனையோட மரபணுவையும் சேர்த்துப் பார்த்த ஆய்வும் தெற்கேதான் அதிகம்னு சொல்லுது. பெரியவனானப்புறமும் பாலைச் செரிக்க வெக்கற மரபணு மாற்றம் வடமேற்கு இந்தியாவுல அதிகம், தெற்கேயும் கிழக்கேயும் வர வரக் குறையுது. ஆக, அப்பா நம்ம ஊர்ப் பெரும்பான்மையில ஒருத்தர். நம்ம முன்னோர் பாலை மோராவும் தயிராவும் ஆக்கிச் சாப்பிட்டது சும்மா இல்லை, புளிக்கறப்ப பாக்டீரியா லாக்டோஸ்ல ஒரு பங்கைத் தின்னுடும், மிச்சத்தைச் செரிக்கவும் உதவும். ராத்திரி டம்ளர் பாலை இங்க வந்து புகுத்தினது நான். பத்தியத் தாள்ல தயிரை அடிச்சுப் போட்டதையும் நான் ஒத்துக்கிட்டேன். அமுலோட ஆனந்த் எங்க ஊர்லேர்ந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது, சாப்பாட்டோட சாஸ் குடிக்காத குஜராத்தி வீடு கிடையாது, அந்த நடுவுல உக்காந்துக்கிட்டு ஒரு பெரியவர் மோரைப் பார்த்துப் பயந்துக்கிட்டிருந்தார்.

அந்தத் தாளைப் பத்தியும் சொல்லணும். அது மெல்போர்ன் மோனாஷ் பல்கலைக்கழகத்துல உருவான ஃபாட்மேப் உணவுமுறையோட அரைகுறை நகல். நிஜ முறையில விலக்கி வைக்கறது சில வாரம் மட்டும்தான். அப்புறம் ஒவ்வொண்ணாத் திரும்பச் சேர்த்துப் பார்த்து, எது ஒத்துக்கலையோ அதை மட்டும் குறைக்கணும். எங்களுக்குக் கிடைச்ச தாள்ல முதல் பாதி மட்டும்தான் இருந்தது.

இப்ப உள்ளங்கையில அடங்கற மூச்சுக் கருவி வருது, செல்போன்ல மதிப்பெண் காட்டுது. மலத்தை அனுப்பினா மைக்ரோபயோம் ரிப்போர்ட், அதுக்கும் ஒரு மதிப்பெண். நல்ல மைக்ரோபயோம்னா இதுதான்னு உலகத்துல இன்னும் யாரும் ஒத்துக்கிட்டு ஒரு அளவு வைக்கலை. இருக்கற ஆய்வுகள்ல பெரும்பங்கு மேலை நாட்டு ஜனங்களை வெச்சுத்தான். மன்னார்குடிப் பெரியவரை எதோட ஒப்பிட்டு மார்க் போடுவாங்க? ஆராய்ச்சி வேண்டாம்னு சொல்லலை. 2018ல ஆஸ்திரேலியாவின் ஆர்எம்ஐடி பல்கலைக்கழகக் குழு, முழுங்கினா குடலுக்குள்ளேர்ந்தே வாயுவை அளந்து அனுப்பற கேப்ஸ்யூலை வெளியிட்டாங்க. ஆக்சிஜன் அளவை வெச்சு அது எந்த இடத்துல இருக்குன்னும் கண்டுபிடிக்கலாம். லாக்டுலோஸ் சோதனையில நாம முட்டிக்கிட்டு நிக்கற இடமே அதுதான். என் தொழில் புத்திக்கு அது ரொம்பப் பிடிச்சுது. ஆனா ஆய்வகத்துல நடக்கறது வேற, நம்மகிட்ட விக்க வர்றது வேற.

உங்க வீட்டுல யாராவது இந்தச் சோதனைக்குப் போனா, எந்தக் கேள்விக்காக எடுக்கறாங்கன்னு முதல்லயே கேட்டுடுங்க. முந்தின நாள் சாப்பாட்டை எழுதி வெச்சுக்குங்க. எண்கள் இருக்கற தாளைக் கேட்டு வாங்கி முதல் வரியைப் பாருங்க. நான் பார்க்கலை. எடை இறங்குது, ரத்தம் போகுது, ரத்தசோகைன்னா மூச்சுச் சோதனையோட நிக்காம நேரா நல்ல டாக்டரைப் பாருங்க.

அப்பாவுக்கு ராத்திரிப் பாலை நிறுத்தினோம். காப்பிக்குப் பால் உண்டு, மோர் உண்டு, ராஜ்மா அளவா. பருப்பு, வெங்காயம், பூண்டு எல்லாம் ஒவ்வொண்ணாத் திரும்பி வந்தது. 7 கிலோவுல 4 திரும்பிடுச்சு. 2025 பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் அங்கேயே இருந்துட்டார், அத்தை வீடு பக்கத்துலதான். போன வாரம் போன்ல பேசினப்ப, தயிர் சாதம் சாப்பிட்டேன்னார். "எவ்வளவுப்பா?"ன்னேன். "ரெண்டு கரண்டி. போதும்டா, எதுக்கு வம்பு"ன்னார்.

அவர் கிளம்பறப்ப பெட்டி அடுக்கிக் குடுத்தேன். டைரிக்குள்ள அந்தத் தாள் நாலா மடிச்சு இருந்தது. கிழிச்சுப் போடலாமான்னு கேட்டேன். "இருக்கட்டும்"னு வாங்கி உள்ள வெச்சுக்கிட்டார்.